மரிக்காரின் பெயர் ராமதாஸ்

அமெரிக்க டிவித் தொடர்களில் ஒரு வகை நடிகர்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் நீதவான், அடுத்த வாரம் கள்ளன், அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டு மாமா. நாற்பது வருசம் விடாமல் நடித்திருப்பார்கள். முகத்தைக் கண்டவுடன் "அட, இந்த ஆள்!" என்போம். பெயரைக் கேட்டால் முழிப்போம். தமிழில் குணச்சித்திர நடிகர் என்று சொல்வது இவர்களைத்தான்.

கொழும்பில் எங்கட குணச்சித்திர நடிகர்களின் கதை இதற்கு நேர்மாறு. முகம் கனபேருக்குத் தெரியாது, குரல் தெரியும். டிவி இங்கே வந்ததே பிந்தித்தான். ஐ.டி.என். 1979இல், ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். அதுவரைக்கும் நடிப்பில் ஆசை வைத்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்கள் இருந்தன: கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை மண்டபம் மாதிரியான மேடைகள், இல்லையென்றால் இலங்கை வானொலி. மேடை எப்பவாவது கிடைக்கும். வானொலி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகும்.

அப்படி வீடுகளுக்குள் போன நாலு பேர்தான் மரிக்கார், உபாலி, ஐயர், அப்புக்குட்டி. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர், 1970களில் வர்த்தக சேவையில் ஒலித்தது. எழுதியவர் எஸ். ராமதாஸ். வெள்ளவத்தை அப்பப்பாக்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

யார் யாராக நடித்தார்கள் என்பதில்தான் விசயம் இருக்கிறது. முஸ்லிம் மரிக்காராக நடித்தவர் ராமதாஸ், ஒரு தமிழர். சிங்கள உபாலியாக வந்த எஸ். செல்வசேகரனும் தமிழர். பிராமண ஐயராகக் கதைத்தவர் பி.எச். அப்துல் ஹமீத், தெமட்டகொடையில் வளர்ந்த முஸ்லிம். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக டி. ராஜகோபால். ஆளுக்கொரு தமிழ். ரேடியோவில் வேட்டி தெரியாது, தொப்பி தெரியாது. வாயில் வருவதை வைத்தே 'இவர் இன்னார்' என்று கேட்கிறவர் நம்பவேண்டும்.

இது லேசான வேலை இல்லை. கொழும்பு முஸ்லிம்களின் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி' என்று சுருங்கும் இடம் தெரியவேண்டும். சிங்களவர் தமிழ் கதைக்கும்போது வினைச்சொல்லின் வாலைத் தொலைத்துவிடுவார்: நான் போறது, நீ போறது, அவர் போறது, எல்லாம் போறதுதான். அதைப் பிசகாமல் பிசகாகப் பேசவேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க நாடகப் பள்ளி எதுவும் தேவைப்படவில்லை, கொழும்பே போதும். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரர், செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர், கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கைக்குள் சைவர், வேதக்காரர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும். காது உள்ள பிள்ளை பதினைந்து வயதுக்குள் நாலு தமிழ் பொறுக்கிவிடும்.

உச்சரிப்பை வைத்துப் பகிடி பண்ணுவது நல்ல விசயமா என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். சிறுபான்மையின் பேச்சைப் பெரும்பான்மை பழித்துக் காட்டுவது கொடுமை, தமிழ்ச் சினிமாவில் நிறையப் பார்த்துவிட்டோம். ஆனா இங்கே நாலு பேரும் கோமாளிகள். ஒருவருக்கும் 'சரியான தமிழ்' என்ற கதிரை கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்து அப்புக்குட்டிக்கும்தான். அதனால்தான் இதைப் பழிப்பு என்று எங்களால் ஒதுக்க முடியவில்லை.

1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாக வந்தது. எஸ். ராமநாதன் இயக்கினார். குரல்களுக்கு முகம் கிடைத்தது. இரண்டு வருசத்தில் ராமதாஸின் எழுத்தில் 'ஏமாளிகள்' வந்தது. 1970கள் இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு நல்ல காலம்: 'குத்துவிளக்கு', 'புதிய காற்று', 'வாடைக்காற்று' எல்லாம் அந்தப் பத்து வருசத்துக்குள் வந்தவை.

பிறகு 1983 யூலை. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது, உள்ளே இருந்த படச்சுருள்களோடு. அந்த நாட்களில் ரோட்டில் ஆட்களை மறித்து ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய'. அதன் முதல் எழுத்துச் சத்தம் தமிழ் வாயில் வழுக்கும், 'வால்திய' ஆகிவிடும். வழுக்கியவர் தமிழர், மாட்டினார். 'கோமாளிகள்' வந்து ஏழு வருசம்தான் ஆகியிருந்தது. உபாலியின் வாயில் எந்தப் பிசகைக் கேட்டு ஊர் சிரித்ததோ, அதே மாதிரியான பிசகு மறுபக்கமாகத் திரும்பி ஆளைக் கொல்லும் அடையாளமாகிவிட்டது.

ரூபவாஹினிக்கு அப்போது ஒன்றரை வயது. எங்கட நடிகர்கள் டிவியில் முகம் காட்டத் தொடங்கவேண்டிய நேரம் அது. பார்க்கவேண்டிய சனமோ கப்பலேறி யாழ்ப்பாணம் போனது, பிளேன் ஏறி இன்னும் தூரம் போனது. அமெரிக்காவில் ஒரு துணை நடிகருக்குக் கிடைக்கிற நாற்பது வருசம் இங்கே யாருக்கு? திறமைக் குறைவு என்று யாரும் சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

செல்வசேகரன் 2012இல் காலமானார், ராமதாஸ் 2016இல். 'உபாலி' செல்வசேகரன், 'மரிக்கார்' ராமதாஸ் என்று சொன்னால்தான் சனத்துக்கு ஆள் பிடிபட்டது. ஹமீதின் குரல் மட்டும் கடல் தாண்டியது. இலங்கை வானொலியில் அவர் நடத்திய பாட்டுக்குப் பாட்டை சன் டிவி எடுத்துக்கொண்டது. 2000இல் 'தெனாலி'யில் ஒரு காட்சியிலும் தலை காட்டினார். தமிழ்நாட்டுக்கு அவர் சுத்தத் தமிழ் பேசும் இலங்கை அறிவிப்பாளர். ஒரு காலத்தில் அவர் எங்களுக்கு ஐயர் என்பது அங்கே பலருக்கும் தெரியாது.