உருக்குத் தொப்பியின் உட்புறம்

கண்டக்குழியில் எம் மாணாக்கன் ஒருவன், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் இரும்புச் சட்டி ஒன்றை ஒருநாள் பாடசாலைக்குக் கொணர்ந்தான். உச்சியில் இருந்த துளையைத் தாரால் அடைத்திருந்தார்கள். கவிழ்த்துப் பார்த்தேன், அது சட்டியன்று, போர்வீரனின் உருக்குத் தொப்பி.

இங்கு அது வந்ததில் வியப்பில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. யுத்தத்தின் பிற்பகுதியில், களப்புக்கு அப்பால் பாலாவியில், 'ரஜாலிய' என்னும் பெயரில் பிரித்தானியக் கடற்படை விமான நிலையம் ஒன்று இயங்கிற்று.

இத்தகைய தட்டுவடிவத் தொப்பிக்கு ஜோன் பிரோடி என்பார் 1915இல் இலண்டனில் காப்புரிமை பெற்றார். உள்ளுறையை உச்சியில் ஓர் ஆணி தாங்கும். தாரடைத்த துளை அந்த ஆணிக்குரியதே. 1944இல் வந்த மூன்றாம் வகையோ ஆமையோடு போன்று ஆழமானது. பின்விளிம்பில் மூன்று துளைகள் காணப்படின் அது தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டதெனத் துணியலாம். எங்கள் தொப்பியில் அவை இல்லை. தாடைவார் கோக்கும் காதில் செய்தோரின் எழுத்துக்களையும் ஆண்டையும் பொறிப்பது வழக்கம். துருவினூடே 1941 என்பது தெரிந்தது.

ஆனால் அணிந்தவன் எப்படையினன் என்பதை உலோகம் கூறாது. மேற்பூசிய வர்ணமும் குறியுமே கூறும். பையனோ எனக்குக் காட்டும் ஆவலில் முன்புறத்தை மணலிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான்! அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை; தேய்க்காதே என்று முன்னரே நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பின்புறத்தில் மட்டும் பச்சை வர்ணம் எஞ்சியிருந்தது, அதனடியில் மண்ணிறம்.

மறுநாள் அவன் பாட்டியார் சட்டியைக் கேட்டு வந்தார். மண்சட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம்.