சிரைவழிக் கொழுப்பு ஊட்டமும் கல்லீரலும்

குடல் உணவை ஏற்க இயலாத நோயாளிக்குக் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், கொழுப்பு ஆகியவற்றை நேராக இரத்தத்தில் ஏற்றுவது சிரைவழி ஊட்டம். குறைமாதக் குழந்தைகளும் குடலின் பெரும்பகுதியை இழந்தவர்களும் இதனால் பிழைக்கிறார்கள். ஆனால் இது வாரக்கணக்கில் நீண்டால் பித்தம் தேங்கிக் கல்லீரல் பழுதடையக்கூடும். இரத்தத்தில் நேரடி பிலிருபின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவது அதன் முக்கிய அடையாளம்.

பருத்திவிதை எண்ணெயில் செய்த பழைய சிரைவழிக் கொழுப்பு மருந்து காய்ச்சல், மஞ்சள் காமாலை போன்ற தீங்குகளால் 1960களில் கைவிடப்பட்டது. அதே காலத்தில் சுவீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடுடன் கலந்து இன்ட்ராலிப்பிடை உருவாக்கினார். 20 சதவீதக் கலவையின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 2 கிலோகலோரி தரும். உலகெங்கும் உயிர்காத்த இந்த மருந்தே கல்லீரலுக்குச் சுமையாகவும் ஆனது. சோயாவிலுள்ள ஸ்டிக்மாஸ்டெரால் போன்ற தாவர ஸ்டெரால்கள் பித்தம் வெளியேறும் வழிமுறையைக் குலைக்கின்றன. மிகுதியான ஒமேகா-6 கொழுப்பமிலங்கள் அழற்சியைத் தூண்டக்கூடும். காப்புத் தரும் வைட்டமின் ஈ அதில் குறைவு.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் கேத்லீன் குரா, மார்க் பூடர் குழுவினர், மீன் எண்ணெய்க்கு மாற்றியதும் இரண்டு குழந்தைகளின் பித்தத்தேக்கம் நீங்கியதை 2006இல் வெளியிட்டார்கள். ஓமேகாவென் என்ற அந்த மீன் எண்ணெய் மருந்தை அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 1 கிராம் என்பது அதன் அளவு. எனினும் பிலிருபின் இறங்கிய பிறகும் கல்லீரலில் ஏற்கெனவே விழுந்த தழும்பு நீடிப்பதுண்டு. சோயா, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, ஆலிவ், மீன் எண்ணெய் நான்கும் சேர்ந்த ஸ்மாஃப்லிப்பிட் மற்றொரு மாற்று. குறைமாதக் குழந்தைகளிடம் அது நோயைத் தடுத்தே தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொழுப்பை முற்றிலும் நிறுத்துவதும் தவறு. இன்றியமையாத கொழுப்பமிலங்கள் குறைந்து தோல் செதிலுதிரும், வளர்ச்சி குன்றும்.

எண்ணெயை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. கிருமித்தொற்று, அளவுமீறிய குளுக்கோஸ், முதிராத கல்லீரல், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடல் வெறுமையாக இருப்பது, இவையும் காரணங்கள். சொட்டுச் சொட்டாகவேனும் தாய்ப்பால் குடலுக்குள் போனால் அது பித்தம் ஓட உதவும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி மலைப்பகுதியில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இத்தகைய சிகிச்சை தேவைப்பட்டால், தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர், கிருஷ்ணகிரி அல்லது பெங்களூரின் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தாயை ஊரில் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். தாய் உடனிருந்து பால் பீச்சித் தரட்டும். மலம் வெளுத்தாலும் சிறுநீர் அடர்மஞ்சளானாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.