இருபதடிக்கு ஓரடி



1998-ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, சுற்றுலா முடிந்து, மாணவர் நாற்பதின்மருடன் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது, பெற்றோர் காத்திருப்பர் என்ற கவலை எனக்கு. வண்டியோ நத்தைபோல் ஊர்ந்தது. பொறுமை இழந்து, "இறக்கந்தானே, சற்று விரைந்து செல்லலாகாதா?" என்று ஓட்டுநரைக் கடிந்துகொண்டேன். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஏறும்போது போட்ட கியரிலேயேதான் இறங்க வேண்டும் சார். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்" என்றார்.

வீடு திரும்பியதும் கணக்கிட்டுப் பார்த்தேன். 10 டன் எடையுள்ள பேருந்து 1,500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், ஏறத்தாழ 500 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்! தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். இல்லையேல் அத்தனையையும் பிரேக் ஒன்றே சுமக்க வேண்டும். நான் கடிந்துகொண்டது நாற்பது குழந்தைகளின் உயிரைக் காத்த பொறுமையை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சாலையின் சரிவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை இயந்திர வண்டிகள் தோன்றுவதற்கு முன்பே அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். 1801-இல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது. அயர்லாந்து உறுப்பினர்கள் அதன்பின் லண்டன் பாராளுமன்றத்துக்கு வர வேண்டியதாயிற்று. கடல் கடந்து ஹோலிஹெட் துறையில் இறங்கினால், எதிரே நின்றவை வேல்ஸ் நாட்டு மலைகள். அங்கிருந்த செங்குத்தான பாதைகளில் குதிரைகள் திணறின. இறக்கத்தில் கோச்சு வண்டிகள் கவிழ்ந்தன.

1815-இல் பாராளுமன்றம் இதற்குப் பொருள் ஒதுக்கிற்று. பணியை ஏற்றவர் தாமஸ் டெல்ஃபோர்டு. ஆட்டிடையர் ஒருவரின் மகனாக 1757-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கல்தச்சராய்த் தொழில் தொடங்கிப் பெரும் பொறியாளராய் உயர்ந்தவர் அவர். 20 அடி தூரம் சென்றால் 1 அடிக்கு மேல் ஏறாதபடி சாலை அமைய வேண்டும் என்பது அவர் கொண்ட அளவு. மலையை நேரே தாண்டாமல் பக்கவாட்டில் வெட்டியும், பள்ளங்களை மேடாக்கியும் அவர் வழி சமைத்தார். தூரம் மிகுந்தாலும் களைப்புக் குறைந்தது.

காரணம் எளிது. 1,000 கிலோ எடையுள்ள வண்டியை 20-க்கு 1 சரிவில் ஏற்ற, சமதரையில் வேண்டியதைவிட 50 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை மிகுதியாக வேண்டும். 10-க்கு 1 ஆனால் அது 100 கிலோவாகும். வாயில்லாப் பிராணி தாங்கக்கூடிய அளவையே டெல்ஃபோர்டு சாலைக்கு அளவாக்கினார். 1826-இல் மெனாய் தொங்குபாலம் திறக்கப்பட்டது. அத்துடன் லண்டனிலிருந்து ஹோலிஹெட் வரை தடையின்றிச் செல்லும் வழி நிறைவுற்றது.

குதிரைகள் மறைந்தன, எஞ்சின்கள் வந்தன. ஆயினும் அந்த அளவு மறையவில்லை. 1934-இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிகளிலும், மலைப்பாங்கான நிலத்துச் சாலைகளுக்கு 20-க்கு 1 என்பதே பொதுச் சரிவாக உள்ளது. மிகச் செங்குத்தான இடங்களில் இதைவிடக் கூடுதலான சரிவுக்கும் இடமுண்டு.  ஏறும் லாரி மூச்சிரைக்கக் கூடாது. இறங்கும் லாரி பிரேக்கை இழக்கக் கூடாது. இவ்விரண்டுமே அவ்வளவின் நோக்கம்.

எனினும் பழைய மலைப்பாதைகள் எல்லாம் இவ்விதிக்குள் அடங்குவன அல்ல. சாலை செய்தவர் விட்ட குறையை அங்கே ஓட்டுபவர் நிறைவு செய்ய வேண்டும். மாணவர்களே, நீங்கள் மலையிலிருந்து இறங்கும்போது வண்டி மெதுவாகச் சென்றால், என்னைப்போல் ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். இறங்கியபின் அவருக்கு ஒரு நன்றி கூறுங்கள். அன்று நான் கூறத் தவறியது அது.