அழைப்பு வந்த வழி: அமெரிக்க நடன விடுதிகளும் இளம் இசைத்தட்டுக் கலைஞரும்

இசைத்தட்டுக்களைத் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்து, கூடியிருப்போரை இரவு முழுவதும் ஆடவைப்பவரை ‘டிஸ்க் ஜொக்கி’ என்பர். டீ.ஜே. என்ற சுருக்கப் பெயரே இன்று எங்கும் வழங்குகின்றது. இக்கலைஞர்தம் புகழ் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பெயர் அறியப்படாதிருந்த காலத்தில் அவர்களை முதன்முதலாக அழைத்தவர் யார், ஏன் அழைத்தார் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திறமை இருந்தால் அழைப்புத் தானே வரும் என்பர். ஆயின், திறமையைக் காட்டுவதற்கு முதலில் ஓர் ஆசனம் வேண்டும். 1960களின் இறுதி தொடக்கம் நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் அவ்வாசனம் எவ்வாறு கிடைத்தது என்பதை ஆராயுமிடத்துத் தற்செயலும் நட்பும் பெற்ற இடம் பெரிதெனத் தோன்றுகின்றது.

பிரான்சிஸ் கிராசோவின் வரலாறு இதற்கு முதற் சான்று. நடனக்காரராக இருந்த அவர், 1960களின் இறுதியில் ஒரு விடுதிக்கு வாடிக்கையாளராகவே சென்றார். அங்கு வழமையாக இசைத்து வந்த டெரி நோயல் அன்றிரவு உரிய நேரத்திற்கு வந்து சேரவில்லை. உரிமையாளர் கிராசோவை முயன்று பார்க்கச் சொன்னார். நோயல் தாமதமாக வந்தபோது அவருக்கு வேலை இருக்கவில்லை. பின்னர் பழைய தேவாலயக் கட்டடமொன்றில் இயங்கிய ‘சாங்சுவரி’ விடுதியில் கிராசோ பெரும்பெயர் ஈட்டினார். சுழலும் தட்டின் மீது இசைத்தட்டை விரலால் தடுத்துநிறுத்தி, தாளம் பொருந்தும் கணத்தில் விடுவித்து, ஒரு பாடலின் முடிவும் மறுபாடலின் தொடக்கமும் வேறுபடாதவாறு இணைக்கும் முறையை அவர் வளர்த்தார். இந்நுட்பம் கண்டு எவரும் அவரை முதலில் அழைக்கவில்லை என்பது ஈண்டு கவனிக்கற்பாலது. ஒருவர் வாராமையாற் கிடைத்த ஆசனத்தில் அமர்ந்த பின்னரே நுட்பம் வளர்ந்தது.

லரி லெவான், பிராங்கி நக்கிள்ஸ் ஆகிய இருவரும் கறுப்பின இளைஞர்; தற்பாலீர்ப்பினர். பல விடுதிகளின் வாயில் இத்தகையோருக்கு எளிதில் திறக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் நிக்கி சியானோ நடத்திய ‘கலரி’ என்னும் விடுதியில் அவர்கள் பலூன் ஊதியும் அலங்காரம் செய்தும் பணிபுரிந்தனர். இதனை வெறும் எடுபிடி வேலை என ஒதுக்குதல் தவறாகும். எந்த நேரத்தில் எந்தப் பாடலுக்குக் கூட்டம் எழுகின்றது என்பதை அருகிலிருந்து கற்பதற்கு வேறு கல்லூரி இருக்கவில்லை. பின்னர் ‘கொன்டினென்டல் பாத்ஸ்’ என்னுமிடத்தில் ஒளியமைப்பாளராகச் சேர்ந்த லெவான், இசைப்பவரின் இடம் வெறுமையானபோது அதனைப் பெற்றார். லெவான் விலகியபின் அவ்விடம் நக்கிள்ஸுக்கு வந்தது.

இருவரையும் நியூயோர்க்கில் அறிந்திருந்த றொபேட் வில்லியம்ஸ், 1977இல் சிக்காகோவில் ‘வெயார்ஹவுஸ்’ விடுதியைத் தொடங்க எண்ணியபோது முதலில் நாடியது லெவானையே. லெவான் மறுத்தார், நக்கிள்ஸ் உடன்பட்டார். ‘ஹவுஸ்’ எனப் பின்னர் உலகெங்கும் பரவிய இசை வகை அவ்விடுதியின் பெயராலேயே அழைக்கப்பட்டது என்பர். ஒருவருடைய மறுப்பு மற்றொருவருக்கு ஒரு நகரத்தையே கொடுத்தது.

அழைப்பாரின்றி இருந்தோர் யாது செய்தனர்? ஜமேக்காவிலிருந்து 1967இல் வந்த கிளைவ் கம்பெல் என்ற கூல் ஹேர்க், 1973 ஆகஸ்ட் 11ஆந் திகதி, புரொங்ஸ் பகுதியில் தமது குடும்பம் வாழ்ந்த மாடிக் கட்டடத்தின் பொது அறையில் இசைத்தார். ஒழுங்கு செய்தவர் அவர்தம் தங்கை சின்டி. பாடசாலைத் தொடக்கத்திற்கு உடை வாங்கப் பணந்தேடுவதே அவளது நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். ஹிப்-ஹொப் இசையின் பிறப்பு இவ்விரவிலிருந்து கணிக்கப்படுகின்றது. ‘ஹெவலோ’ போன்ற விடுதிகள் ஹேர்க்கை அழைத்தது அதன் பின்னரே. கூட்டம் அவருடன் வரும் என்பது அப்போது தெரிந்துவிட்டது. சின்டியின் பங்கை நூல்கள் ஒரு வரியிற் கடந்துவிடுவது எமக்கு உடன்பாடன்று.

அழைக்கப்பட்ட பின்னும் கலைஞரின் நிலை உறுதியானதாக இருக்கவில்லை. புதிய இசைத்தட்டுக்களை யாருக்கு இலவசமாகக் கொடுப்பது என்பதை நிறுவனங்களே தீர்மானித்தன. பெயர்பெற்றவருக்கு அவை கிடைத்தன. வளர்ந்துவரும் இளைஞன் தன் பணத்தில் வாங்கினான். புதிய தட்டு இல்லாதவனை விடுதி அழைக்காது, விடுதி இல்லாதவனுக்கு நிறுவனம் தட்டுக் கொடுக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கவே டேவிட் மன்குசோ, ஸ்டீவ் டி அக்குவிஸ்டோ முதலியோர் 1975 யூனில் நியூயோர்க்கில் ‘ரெக்கோர்ட் பூல்’ என்ற கூட்டமைப்பை நிறுவினர். நிறுவனங்கள் தட்டுக்களை அங்கு ஒப்படைக்க, உறுப்பினர் அவற்றைப் பகிர்ந்து பெற்றனர். இத்துறையில் கலைஞர்தாமே கூடிச் செய்த மிகச் சிறந்த காரியம் இதுவென்பேன்.

விடுதி உரிமையாளருடனான உறவு வேறு. 1982இன் இறுதியில் வெயார்ஹவுஸின் நுழைவுக் கட்டணம் இரட்டிப்பானது. நக்கிள்ஸ் விலகி ‘பவர் பிளான்ட்’ என்ற தமது விடுதியைத் தொடங்கினார். இசைப்பவரை இழந்த வில்லியம்ஸ் ‘மியூசிக் பொக்ஸ்’ என்ற பெயரில் மீண்டும் விடுதி நடத்தலானார். வெறுமையான ஆசனத்துக்கு இம்முறை அழைக்கப்பட்டவர் ரொன் ஹார்டி.