மச்சம் ஒட்டினா ஆள் மாறிடுவானா?

(தலைப்பு: கதை எழுதுகிறவர்கள் கதாநாயகனைப் பழைய அச்சிலேயே வார்க்கலாமா, அச்சை மாற்ற வேண்டுமா? 'மாற்ற வேண்டும்' என்ற அணியில் கொரட்டூரைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவி பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்து என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கிற தம்பிகளே! 

நான் கதை எழுதுறவ இல்லீங்க. கதையை வாடகைக்கு விட்டவ. (சிரிப்பு) கொரட்டூர் ஹவுசிங் போர்டு வீட்டிலே முன்னறையிலே ரெண்டு இரும்பு அலமாரி. 1986-லேருந்து 1999 வரைக்கும் லெண்டிங் லைப்ரரி நடத்தினேன். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டிலே ஷிஃப்ட் வேலை. பாக்கெட் நாவல், வாரப் பத்திரிகையிலேருந்து கிழிச்சு பைண்டு பண்ணின தொடர்கதை, எல்லாம் இருந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது காசு. அதனாலே எந்த ஹீரோவுக்கு அட்டை கிழிஞ்சது, எந்த ஹீரோ தூசி படிஞ்சு கிடந்தான்னு இந்த மேடையிலே எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. (கைதட்டல்)

எதிரணித் தம்பி சொன்னார்: "ஹீரோன்னா தப்பே செய்யாதவன், தனியா நின்னு பத்துப் பேரை அடிப்பவன், அதுதான் நம்ம மரபு." அப்படியா தம்பி? மரபுன்னு சொல்லிட்டீங்க. கொஞ்சம் பின்னாலே போய்ப் பார்ப்போமா?

தமிழிலே முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879-லே அச்சாச்சு. எழுதினவர் மாயூரத்திலே முன்சீஃபா இருந்த வேதநாயகம் பிள்ளை. அந்த முதல் ஹீரோ என்ன பண்றார் தெரியுமா? வழி தவறி வேற ஒரு ஊருக்குப் போய்ச் சேர்றார். செருப்பு தைக்கிறவர்கிட்டே, "தைச்சுக் கொடு, உன்னைச் சந்தோஷப்படுத்தறேன்"னு வாயை விடறார். காசு கொடுத்தா அவர், "எனக்குச் சந்தோஷம் வரலை"ங்கிறார். இன்னும் கொடுத்தாலும் வரலை! வழக்காகி, நம்ம ஹீரோ சிறைக்குப் போயிடறார். (பலத்த சிரிப்பு) காப்பாத்துறது யாரு? அவர் பொண்டாட்டி ஞானாம்பாள். ஆண் வேஷத்திலே தேடிக்கிட்டு வர்றா. ராஜா இல்லாத அந்த ஊர்லே யானை அவ கழுத்திலே மாலை போட்டுடுது. அரியணையிலே உட்கார்ந்து ஆட்சியும் பண்றா, புருஷனையும் வெளியிலே கொண்டு வர்றா. வேஷம் போடறது அதிலேயும் உண்டு, நான் மறைக்கலை. ஆனா அடிக்கிற ஹீரோ எங்கே? தமிழ் நாவலோட முதல் கதாநாயகன் அசடு வழியறவர்ங்க! (கைதட்டல்)

அடுத்தது 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893-லே 'விவேக சிந்தாமணி'ங்கிற பத்திரிகையிலே தொடரா ஆரம்பிச்சது. எழுதின ராஜமய்யர் இருபத்தாறு வயசிலே இறந்துட்டார், பாவம். அதிலே முத்துஸ்வாமி அய்யர் ஊர் வம்பைக் கேட்டு, கட்டின மனைவியைச் சந்தேகப்படறார். தப்புப் பண்றார், அதுக்காக வேதனையும் படறார். இந்த மாதிரி ஆளை நம்ம தெருவிலே பார்க்கலாமா இல்லையா?

அப்போ இந்த அச்சு எங்கேருந்து வந்தது? இங்கிலீஷ்காரன் ரெயினால்ட்ஸ் கதைகளைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் எழுதினார். வடுவூர் துரைசாமி அய்யங்கார் துப்பறியும் கதைகளைக் குவிச்சார். அவரோட 'திகம்பர சாமியார்' 1950-லே படமாச்சு. அதிலே வேஷத்துக்கு மேலே வேஷம் போட்டு மர்மத்தை உடைக்கிற கதாநாயகன் யாருங்கிறீங்க? நாம வில்லனாவே பார்த்துப் பழகின எம்.என். நம்பியார்! (சிரிப்பு)

அப்புறம் இரட்டை வேஷம். 1940-லே 'உத்தமபுத்திரன்', பி.யு. சின்னப்பா. அது டூமாஸ் எழுதின பிரெஞ்சுக் கதையோட வம்சம். 1958-லே சிவாஜிக்கும் ஒரு 'உத்தமபுத்திரன்'. அதே 1958-லே எம்.ஜி.ஆரோட 'நாடோடி மன்னன்', ராஜாவும் அவர், நாடோடியும் அவர். 1965-லே 'எங்க வீட்டுப் பிள்ளை', ஒருத்தர் பயந்தவர், ஒருத்தர் துணிஞ்சவர். நான் குறை சொல்லலீங்க. சாட்டையை எடுத்தப்போ தியேட்டர்லே எழுந்து நின்னவங்கள்லே எங்க அம்மாவும் ஒருத்தி. அவங்களுக்கு அன்னிக்கு அது தேவைப்பட்டது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னாலே நின்னுட்டு வர்ற மனுஷனுக்கும் தேவைதான். எங்க வீட்டிலேயே பார்த்தவ நான்.

ஆனா அரைச்ச மாவையே எத்தனை தரம் அரைக்கிறது? கன்னத்திலே ஒரு மச்சம், மோவாயிலே ஒரு குறுந்தாடி ஒட்டினா, பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலையாம்! எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் மீசையை எடுத்துட்டு வந்தார், தெருக்கோடியிலே வர்றப்பவே நாய் உட்பட எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) 1995-லே 'பாட்ஷா' வந்தது. ஆட்டோக்காரர் மாணிக்கத்துக்குப் பம்பாயிலே ஒரு பழைய கதை. நல்லாத்தான் இருந்தது. அதுக்கப்புறம் கதை எழுதற பிள்ளைங்க கொண்டு வர்ற ஹீரோ ஒவ்வொருத்தனுக்கும் பம்பாயிலே ஒரு பழைய கதை! சும்மா ஆட்டோ ஓட்டினவன் ஒருத்தன்கூட இல்லையா?

கல்கி எழுதினாரே 'பொன்னியின் செல்வன்', 1950-லேருந்து 1954 வரைக்கும். என் அலமாரியிலே அதிகம் கிழிஞ்சது அதுதான், ரெண்டு தரம் பைண்டு பண்ணினேன். வந்தியத்தேவன் அவசரக்காரன், வாயாடி, போன இடமெல்லாம் மாட்டிக்கிறவன். நடுக்கடல்லே அவனையும் இளவரசரையும் காப்பாத்துறது படகோட்டுற பொண்ணு பூங்குழலி. கடைசியிலே அருள்மொழி கிரீடத்தைத் தன் தலையிலே வைச்சுக்காம உத்தம சோழருக்குக் கொடுத்துடறார். சண்டை போட்டு ஜெயிக்கிறதாவா கதை முடிஞ்சது? விட்டுக் கொடுக்கிறதிலே முடிஞ்சது. 1954-லே வந்த 'அந்த நாள்' படத்திலே சிவாஜி ஆரம்பத்திலேயே சுட்டுக் கொல்லப்படுறார், அதுவும் தேசத் துரோகியா. பாட்டே கிடையாது. எழுபது வருஷம் கழிச்சும் பேசறோமே!

நடுவர் அவர்களே, இது வரைக்கும் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இப்போ சொல்லப் போறதுக்குச் சிரிக்க முடியாது.

1997. என் பொண்ணு காலேஜ் முதல் வருஷம். காலையிலே கொரட்டூர் ஸ்டேஷன்லே ரயிலேறணும். ஒரு பையன் தினம் பின்னாலேயே வந்தான். எதிர் பிளாட்பாரத்திலே நிப்பான், இவ ஏறினா அந்தப் பக்கமிருந்து ஓடி வந்து பக்கத்துப் பெட்டியிலே ஏறுவான். சாயங்காலம் வீடு வரைக்கும் வருவான். அவ எங்ககிட்டே சொல்லலை. ஒரு வாரம் காலேஜுக்கே போகலை, வயித்து வலின்னா. அப்புறம்தான் அழுதுக்கிட்டே சொன்னா. யாருன்னு போய்ப் பார்த்தா, என் லைப்ரரி மெம்பர்ங்க! எங்கிட்டேயே புஸ்தகம் எடுத்துக்கிட்டுப் போற பையன்.

கூப்பிட்டுக் கேட்டேன். பொறுக்கிப் பையன் இல்லை அவன். ரொம்ப மரியாதையா நின்னு சொன்னான்: "ஆன்ட்டி, முதல்லே பிடிக்கலைன்னுதான் சொல்வாங்க. விடாம போனா கடைசியிலே பிடிச்சிடும். எல்லாக் கதையிலேயும் அப்படித்தானே ஆன்ட்டி?" அவ பயந்து அழுதாள்னு சொன்னேன். அவன் முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. பயம்ங்கிற ஒண்ணு அவன் படிச்ச எந்தக் கதையிலேயும் அந்தப் பொண்ணுக்கு வரவே இல்லையே! நாளைக்கு ஐம்பது காசுன்னு அதை அவனுக்குக் கொடுத்தது நான்.

(அரங்கில் அமைதி)

அடுத்த வருஷம், 1998-லே, இதே சென்னையிலே ஒரு காலேஜ் மாணவி ஆட்டோவிலே வந்தவங்க பண்ணின கேலியிலே கீழே விழுந்து உயிரையே விட்டா. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டிலே ஈவ்-டீசிங்குக்குத் தனிச் சட்டமே வந்தது. அன்னிக்குப் பேப்பரைப் படிச்சிட்டு ஒரு அலமாரியைக் காலி பண்ணினேன். எல்லாத்தையும் தூக்கிப் போடலீங்க. பின்னாலேயே போய் ஜெயிக்கிற ஹீரோக்களை மட்டும். எடுத்து வெச்சா முக்கால் அலமாரி அதுதான்!

எதிரணிக்காரங்க கேட்டாங்க, "ஹீரோயிசம் இல்லாம சம்பவம் ஏது?"ன்னு. எங்க கொரட்டூர் ஏரியிலே சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தப்போ ஊர் ஜனங்க சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. அதிலே சாட்டையும் இல்லை, மச்சமும் இல்லை. மனு எழுதினவங்க, தண்ணியைப் பாட்டில்லே பிடிச்சுக்கிட்டுப் போய்க் காட்டினவங்க, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வீடு வீடா ஏறி இறங்கினவங்க. அதிலே பாதிப் பேருக்கு அதிகாரி முன்னாலே பேசவே நாக்கு ஒட்டிக்கும். அப்படி நாக்கு ஒட்டிக்கிட்டவங்க மறுபடியும் போய் நின்னாங்களே, அதை எழுதுங்களேன் தம்பி! (நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, முடிச்சிடறேன். அந்தப் பையன் மறுநாள் வந்து, கையிலிருந்த ரெண்டு புஸ்தகத்தையும் மேஜை மேலே வெச்சுட்டு, பாக்கி மூணு ரூபாயையும் எண்ணிக் கொடுத்துட்டுப் போனான். அப்புறம் ஸ்டேஷன் பக்கம் அவனைப் பார்க்கலை. என் பொண்ணு இப்போ ரெண்டு பிள்ளைக்குத் தாய். ஒரு கதை எழுதிக்கிட்டிருக்கா. அதிலே ஒரு பையன் கொரட்டூர் ஸ்டேஷன்லே ஒரு பொண்ணைப் பார்க்கிறான். அவ திரும்பிப் பார்க்காம ஏறிப் போயிடறா. அடுத்த வண்டிக்கு இருபது நிமிஷம் இருக்கு. அந்த இருபது நிமிஷத்திலே பிளாட்பாரத்து பெஞ்சிலே உட்கார்ந்து அவன் என்ன யோசிப்பான்னு இன்னும் தெரியலையாம் அவளுக்கு. அந்தப் பக்கத்திலேயே மூணு வாரமா நிக்கிறா. எப்போ எழுதி முடிப்பான்னு நான் காத்துக்கிட்டிருக்கேன்.

(கைதட்டல்)