கொடுவா மீனும் அப்பாவின் கணக்கு நோட்டும்

எங்கள் வீட்டு மர அலமாரியின் அடித்தட்டில் நாற்பத்தொரு நோட்டுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்று, 1948 முதல் 1988 வரை. அப்பா எழுதிய வீட்டுக் கணக்கு. எல்லாமே பிரெஞ்சு மொழியில், சாய்ந்த கையெழுத்தில். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. அவர் கணக்கு சமையலறைச் சுவரில் கரிக்கோடுகளாக இருந்தது. மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத மாதங்களில் அப்பாவின் கூட்டல்தான் தப்பாக இருக்கும்.

அந்த நோட்டுகளின் வரவுப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு விநோதமான வரி வரும்: "மீன்". அப்பா சுங்க இலாகாவில் எழுத்தர். அந்தக் காலத்து புதுச்சேரியில் அதைத் "துவான்" என்போம். துவானில் சம்பளம் மாதம் ஒரு முறை. ஆற்றில் ஞாயிறுதோறும். அரியாங்குப்பத்து ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் தூண்டில் போட்டுப் பிடித்துவரும் கொடுவாவை, அன்றைய மார்க்கெட் விலை போட்டு வரவில் எழுதுவார். அதே தொகையை வலப்பக்கம் "சமையல்" என்று செலவிலும் எழுதுவார். "புடிச்சது நீங்க, ஆக்கறது நான், நடுவுல யாருக்குக் காசு குடுக்கறீங்க?" என்று அம்மா கேட்பார். "எழுதாத வரவு, வராத வரவு" என்பது அப்பாவின் பதில்.

கொடுவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வங்காளத்தில் இதையே பேட்கி என்று கொண்டாடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. எங்கள் பிரெஞ்சு பாடப் புத்தகத்தில் "பார்" என்று ஒரு கடல் மீன் படம் இருந்தது. ஆசிரியர் அதுதான் கொடுவா என்றார். உண்மையில் இரண்டும் வேறு வேறு குடும்பம், பார்வைக்குத்தான் ஒன்று போல இருக்கும். கொடுவா சேர்ந்த இனத்துக்கு "லேட்டஸ்" என்று 1828இல் பெயர் வைத்தவர் பாரிஸ் நகரத்து விலங்கியல் அறிஞர் குவியே. அவர் காலத்தில் புதுச்சேரியின் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த லெஷெனோ என்பவர் நம் கரையில் கிடைத்த மீன்களைப் பாடம் செய்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊர் மீன்கள் எங்களுக்கு முன்பே பிரான்சு போய்ச் சேர்ந்துவிட்டன.

அப்பாவுக்குத் தூண்டில் பழக்கிவிட்டவர் வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த ஊர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். பெரியவர் அப்பாவை "முசே" என்பார், என்னைத் "தம்பி" என்பார். நைலான் தங்கூசு அப்போது எங்களுக்கு எட்டாத பொருள். பருத்தி நூலை முறுக்கி, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்டுத்தான் தூண்டில் கயிறு. முள் மட்டும் நார்வே நாட்டு முஸ்தாத். உயிருள்ள சின்ன மடவையோ இறாலோ இரை. ஓதம் திரும்பும் நேரத்தில் பாலத்தடியிலோ மூழ்கிய கட்டை ஓரத்திலோ விட வேண்டும். கொடுவா துரத்திப் பிடிப்பதைவிட மறைந்திருந்து பாய்வதையே விரும்பும்.

பெரியவர் அப்பாவுக்கு ஒரு விதி வைத்திருந்தார். "மொழங்கைக்குக் கொறஞ்சா ஆத்துக்கு. வயிறு தள்ளியிருந்தா கடலுக்கு." அதாவது சின்னதையும் விட்டுவிட வேண்டும், சினை வைத்த பெரியதையும் விட்டுவிட வேண்டும். நடுவில் அகப்படுவதுதான் நமக்கு. அப்பா அதை அப்படியே பின்பற்றினார். விட்டுவிட்ட மீன்களையும் நோட்டில் எழுதினார். செலவுப் பக்கத்தில், "ப்ரே" என்று. பிரெஞ்சில் கடன். ஆற்றுக்குக் கடன்: ஒரு மீன்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளியில் லா ஃபோன்தேனின் "சின்ன மீனும் மீனவனும்" கதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வளர்ந்த பிறகு வந்து பிடித்துக்கொள் என்று குட்டி மீன் கெஞ்சுகிறது. மீனவன் கேட்கவில்லை, அன்றே வாணலியில் போடுகிறான். வரப்போவதாகச் சொல்லும் இரண்டைவிடக் கையில் இருக்கும் ஒன்று மேல் என்பது அதன் நீதி. ஆற்றங்கரையில் நின்று அதை ஒப்பித்து, "அப்பா, நீங்க செய்யறது தப்பு" என்றேன். பெரியவர் அர்த்தம் கேட்டார். அப்பா தமிழில் சொன்னார். "அந்த ஊரு மீனவன் அடுத்த வருஷம் ஆத்துக்கு வரமாட்டான் போல" என்றார் பெரியவர்.

இனி வீட்டுச் சிக்கனம். பிள்ளைகள் நான்கு பேர், அப்பா, அம்மா, ஆயா. ஏழு பேருக்கு ஒரு மீன். ஞாயிறு மதியம் தலையும் வாலும் குழம்பு. நடுத்துண்டு வறுவல், பிள்ளைகளுக்கு. மிஞ்சிய குழம்பு திங்கள் காலை பழைய சோற்றுக்கு. மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. காய்ந்துபோன ரொட்டியைப் பாலில் நனைத்து, முட்டை தோய்த்து வாட்டி "பேன் பெர்த்யூ" செய்வார் அம்மா. அதற்கு "இழந்த ரொட்டி" என்று பொருள். எங்கள் வீட்டில் எதுவும் இழந்ததாகப் போனதில்லை. ஆபீஸ் உறைகளை அப்பா பிரித்துத் திருப்பி ஒட்டுவார். அந்த உள்பக்கத்தில்தான் நாங்கள் கணக்குப் போட்டோம்.

இது கஞ்சத்தனமல்ல, காலம் அப்படி. நோட்டுகளைப் புரட்டினால் ஊரின் சரித்திரமே தெரிகிறது. 1941 முதல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒன்றியம் 1949 ஏப்ரலில் முடிந்தது. எல்லைகளில் சோதனை முளைத்தது. நோட்டில் விறகு விலையும் பருப்பு விலையும் ஏறுகின்றன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அன்றைய பக்கத்தில் அப்பா எழுதியிருப்பது: "இனிப்பு, 8 அணா". 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. மூன்று அணா என்றால் 18¾ நயா பைசா. கடையில் 19 வாங்குவார்கள். தூண்டில் முள் வாங்கிய இடத்தில் அந்தக் கால் பைசாவை "மாற்று நஷ்டம்" என்று தனியே எழுதியிருக்கிறார். 1965இல் பிரதமர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்கச் சொன்னபோது ஆயா சிரித்தார். "நான் வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே தவிர்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் நாங்கள் இந்தியக் குடிமக்கள். ஆனால் இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். தெருவில் அது ஒன்றே பேச்சு. சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீடுகளில், பெரும்பாலும் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாண்டு கழிந்து 1973இல் எனக்கு அரசில் எழுத்தர் வேலை கிடைத்தது. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு ஆபீஸ் முழுக்க ஆங்கிலம். இருபத்திரண்டு வயதில், பதினைந்து வயதுப் பையன்களோடு உட்கார்ந்து ஆங்கிலத் தட்டச்சு கற்றேன். ஒரு குறிப்பு எழுத அகராதி பார்க்க வேண்டும். என் வகுப்புத் தோழர்கள் தூலோனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பட அட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு, முகத்துவாரத்திலிருந்து திரும்பிய அப்பா, விட்டுவிட்ட ஒரு குட்டியைக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "மீனுக்கெல்லாம் கடன் குடுத்தீங்களே, எங்களுக்கு என்ன குடுத்தீங்க? ஒரு கையெழுத்து போட்டிருந்தா போதுமே" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா எழுதி முடித்து, மையை ஒற்றிவிட்டு, நோட்டை மூடினார். பதில் இல்லை.

அடுத்த மாதம் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல். பிறகு மாஹே. எட்டு வருடம் கழித்துப் புதுச்சேரி திரும்பியபோது அப்பா ஓய்வு பெற்றிருந்தார். மீன் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. வயதாகிவிட்டது, ஆற்றுக்குப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். 1989இல் அவர் காலமானார்.

நோட்டுகளை வரிசையாக வாசித்தது என் ஓய்வுக்குப் பிறகுதான். 1963 பிப்ரவரிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "போவது", வலப்பக்கம் "இருப்பது". போவது என்பதன் கீழே கப்பல் கட்டணம், கம்பளி உடை, வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு என்று தொகைகள். எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறார். எழுதிக் கொடுத்தால் துவான் வேலை நிலைக்குமா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இருப்பது என்பதன் கீழே சம்பளம், சொந்த வீடு. மூன்றாவதாக "அம்மா". ஆயாவைத்தான் சொல்கிறார். அதற்கு எதிரே தொகை இல்லை. கால் பைசாவை விடாதவர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். ஆயா அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார், எங்கள் வீட்டிலேயே இறந்தார்.

இன்னொன்றும் கண்டேன். 1973இல் நான் அப்படிப் பேசிய அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எந்த நோட்டிலும் "மீன்" என்ற வரவு இல்லை. தூண்டில் முள் வாங்கிய செலவும் இல்லை. அதன் பிறகு மீன் எல்லாம் மார்க்கெட்டில் வாங்கியது, செலவுப் பக்கத்தில் மட்டும். அவர் ஆற்றுக்குப் போவதை நிறுத்தியது வயதினால் அல்ல.

பெரியவரின் விதி எவ்வளவு சரியானது என்பதையும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொடுவாக் குஞ்சு கடலிலிருந்து ஓதத்தோடு கழிமுகத்துக்கு ஏறிவந்து, உப்பங்கழியிலும் ஆற்றிலும் சில ஆண்டுகள் வளர்கிறது. முதலில் ஆணாக முதிர்கிறது. இன்னும் வளர்ந்த பிறகு பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. முட்டையிட மறுபடி உப்பு நீருக்கு இறங்குகின்றன. ஆகவே பெரிய மீன் எல்லாம் அநேகமாகத் தாய் மீன். சின்னதைப் பிடித்தால் அது வளராது, பெரியதைப் பிடித்தால் குஞ்சு வராது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்து வெற்றி கண்டது. இப்போது மார்க்கெட்டில் பண்ணைக் கொடுவா தாராளமாக வருகிறது. பெரியவருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது. அடுத்த வருடமும் ஆற்றுக்கு வர வேண்டும் என்பது தெரியும்.

நான் சிக்கனம் என்று நினைத்தது, இருப்பதைக் குறைத்துச் செலவழிப்பதை. அப்பாவின் நோட்டில் இருப்பது வேறு. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலில் பிரித்துவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறார். பிரான்சு போயிருந்தால் நாங்கள் வசதியாக இருந்திருப்போம் என்று இன்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் பத்து வருடம் முன்பே எழுதப்பட்டு, பத்தடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. எனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியும். எடுத்துப் பார்க்கவில்லை.

போன மாதம் பேரனை அழைத்துக்கொண்டு முகத்துவாரம் போனேன். கையில் தங்கூசுத் தூண்டில். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு கொடுவா, ஒரு சாண்கூட இருக்காது. அவன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான், பிறகு தண்ணீரில் விட்டோம். வீட்டுக்கு வந்து ஒரு புது நோட்டு எடுத்து, செலவுப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். ஆற்றுக்குக் கடன்: ஒரு மீன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கும். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு. எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.