குற்றப் பரம்பரைக் குழந்தைகள்

குற்றப் பரம்பரைக் குழந்தைகள் என்போர், பிரிட்டிஷ் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களிற் பிறந்து, அப்பிறப்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு தாய் தந்தையரிடமிருந்து பிரித்தெடுக்கப்படுவதற்கு உரியவர்களாக்கப்பட்ட சிறுவர் சிறுமியர் ஆவர்.

நெசவாளன் மகன் தறியைக் கற்பதுபோலத் திருடன் மகன் திருட்டைக் கற்பான் என்ற அபிப்பிராயத்தின்மீது, அதாவது இந்நாட்டின் ஜாதித் தொழில் முறையை மேலோட்டமாகக் கண்ட வெள்ளை அதிகாரிகள் அவசரமாகச் செய்துகொண்ட ஒரு தீர்மானத்தின்மீது, 1871-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. குற்றம் வம்சத்தோடு வருவதென்று கொண்டுவிட்டால் அதை இளமையிலேயே வெட்டிவிட வேண்டுமென்பதே அடுத்த படியாதலின், 1897-இல் வந்த திருத்தம், 4 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அகற்றிச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்கும் அதிகாரத்தை மாகாண சர்க்கார்களுக்கு அளித்தது. சென்னை ராஜதானியையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டம், கீழ் வயதை 6 என்று உயர்த்தியதேயன்றி அதிகாரத்தைக் குறைக்கவில்லை. பிள்ளையின்மீது குற்றம் ஏதேனும் ருசுவாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. நான்கு வயதில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்குடியிருப்புகள் சிலவற்றைச் சர்க்கார் தானே நடத்திற்று. சிலவற்றை மிஷன்களிடம் ஒப்படைத்தது. தெலுங்கு நாட்டில் எருகுலர் என்ற சமூகத்தாருக்காக இரட்சணிய சேனை 1913-இல் ஸ்டூவர்ட்புரத்தை அமைத்தது. இன்றைய கர்நாடகத்தில், அந்நாளில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஹூப்ளி, பீஜாப்பூர், கதக் ஆகிய ஊர்களிலும் இத்தகைய குடியிருப்புகள் இருந்தன. பிள்ளைகளுக்கு அங்கே எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன என்பதை மறைப்பது நியாயமன்று. ஆனால் அக்கல்வி, பிள்ளை தன் தகப்பனை இழிவாக எண்ணுவதையும் ஒரு பாடமாகக் கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவில் ஆதிக்குடிகளின் குழந்தைகளுக்கு நேர்ந்தது இதற்கு உறவானது எனினும் ஒன்றல்ல. அங்கே கலப்பு ரத்தக் குழந்தைகளை வெள்ளைச் சமூகத்தில் கரைத்துவிடும் உத்தேசம் இருந்தது. இங்கே பெற்றோரும் பெரும்பாலும் குடியிருப்பின் அதே வேலிக்குள் அடைபட்டிருந்தனர். திருடப்பட்ட தலைமுறையினர் என்று அங்கே வழங்கப்படும் அவர்களிடம், 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இலும், தேசம் முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31 அன்றும் ரத்தாயிற்று. 1956-இல் ஹூப்ளி மைசூர் ராஜ்யத்தோடு இணைந்தது. 1961-இல் அந்த ராஜ்யம், பிறப்பை விட்டுத் தனிமனிதனின் தண்டனைகளை அளவாகக் கொண்ட வழக்கக் குற்றவாளிகள் சட்டத்தை இயற்றிற்று. வேலி போய்விட்ட பிறகும், ஹூப்ளியில் குடியிருப்பு இருந்த பகுதியை ஜனங்கள் இன்றும் செட்டில்மென்ட் என்றே அழைக்கின்றனர்.